அக்கட்ட ஆரு இருக்கறா?

நாலரை வருசம் இழைத்து இழைத்துக் கட்டிய மாடல் ரயில்வே லேஅவுட்டை, முடித்த ஐந்தாம் மாதம் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைப் போட்டு மூடி வைத்தேன். எதுவும் பழுதாகவில்லை. இன்ஜின் ஓடியது, பாயிண்ட் திரும்பியது, ஸ்டேஷன் விளக்கு எரிந்தது. ஸ்விட்சைத் தட்டினால் ரயில் கிளம்பும். மலையைச் சுற்றி, தென்னந்தோப்பைத் தாண்டி, ஸ்டேஷன் வழியாகப் போய், மறுபடி மலைக்கே வரும். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் மாடிப்படி ஏறக் கால் வரவில்லை. "இத்தன ஆசையாச் செஞ்சுபோட்டு ஏனுங்க இப்படிப் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்று வீட்டில் கேட்டபோது தூசி, வேலை, வெயில் என்று ஏதேதோ சொன்னேன். அது எதுவும் காரணம் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. நிஜமான காரணத்தை எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். ரயில்வேயில், வண்டி போகும் தடத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பொள்ளாச்சி லைன்

குறிச்சி சிட்கோ பக்கம் எனக்குப் பேட்டர்ன் வேலை. வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுப்பது. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும் என்பதால், நாங்கள் பிடிக்கும் ஸ்கேலே கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதில் ஒரு மீட்டர் என்பது நிஜத்தில் 1010 மில்லிமீட்டர். ஒரே பொருளை இரண்டு அளவில் மனதில் வைத்துப் பழகியவனுக்கு, எண்பத்தேழில் ஒரு பங்கு என்கிற, மாடல் ரயில்களின் ஹெச்.ஓ. கணக்கு பெரிதாகத் தெரியவில்லை. தொல்லை கேஜில்தான் வந்தது. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1435 மில்லிமீட்டர் பாதையின் சுருக்கம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87 ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. ஈரோடு ஷெட்டின் டபிள்யூ.ஏ.பி.-4 மின்சார இன்ஜினை அச்சு அசலாகச் செய்து அந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால், அகலக் கரை வேட்டி கட்டிய ஆள் குழந்தையின் செருப்பைப் போட்டு நிற்பதுபோல் இருக்கும். நம்மூர் ஆட்கள் பலர் அதைப் பொறுத்துக்கொண்டு அருமையாகச் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. என் கண்தான் ஒப்பவில்லை. மீட்டர்கேஜுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் பாதை ஒன்று இருக்கிறது. 12-ஐ 87 ஆல் பெருக்கினால் 1044. மீட்டருக்கு நாலு விரற்கடைகூட வித்தியாசம் இல்லை.

அப்புறம் எந்த லைன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1915-ல் போட்ட போத்தனூர்–பொள்ளாச்சி மீட்டர்கேஜ். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்து வரப்பில் நின்று பார்த்த லைன். அதை அகலப்பாதையாக்கி 2017-ல் மறுபடி வண்டி விட்டபோது எல்லாரையும்போல நானும் சந்தோசப்பட்டேன். ஆனால் அந்தச் சின்ன ரயில் போன இடம் காலியாகவே இருந்தது. போத்தனூரில் இருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 460 மீட்டர் வேண்டும். எங்கள் மொட்டைமாடி ரூமின் நீளம் பதினாலு அடி. நிஜக் கணக்கில் அது 370 மீட்டர். ஒரு ஸ்டேஷன் யார்டே முழுசாக அடங்காது. அதனால் கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே நானாக ஒரு ஸ்டேஷனைக் கற்பனை செய்துகொண்டேன். மெயின் லைன் ஒன்று, லூப் லைன் ஒன்று, ஓட்டுக் கூரை, ஒரு வேப்பமரம், இரண்டு பக்கமும் கைகாட்டி. இரண்டு முனைகளையும் ஒரு அட்டை மலைக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோய் ஒன்றோடொன்று சேர்த்து வட்டமாக்கினேன். வட்டம் என்பதைப் பற்றி அப்போது நான் எதுவும் யோசிக்கவில்லை. மாடல் ரயில் என்றால் சுற்றத்தானே வேண்டும் என்று இருந்தேன்.

சீனரிக்குப் பொருள் தேடி எங்கேயும் போகவில்லை. பொள்ளாச்சி கயிறு மில்களில் மலையாகக் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூளைச் சலித்தால் காய்ந்த செம்மண் காட்டின் நிறம் வந்துவிடும். பாதைக்கு அடியில் போடும் ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, தூரிகையால் ஸ்லீப்பர் இடுக்குகளில் தள்ளி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மருந்து சொட்டும் குழாயில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு நின்று ஜல்லியையெல்லாம் வாரிக்கொண்டு போகும். தென்னைக்கு முறுக்கிய செம்புக் கம்பி, மட்டைக்குக் கத்தரித்த காகிதம். நூற்றுப் பத்து தென்னை செய்தேன், இன்னும் போதவில்லை. இன்ஜின் ஒய்.டி.எம்.-4, மீட்டர்கேஜ் டீசல். ஜப்பானியச் சேஸிஸ் ஒன்றின்மேல் பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டி ஒட்டியது. எங்களுக்குப் பெரிய எதிரி காற்று. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அம்மியையும் தூக்கும் காற்று வரும். ஜன்னலை எப்படி அடைத்தாலும் மாவுபோல ஒரு தூசி தண்டவாளத்தின் தலைமேல் படிந்துவிடும். இன்ஜின் கரண்ட்டை எடுப்பதே சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் அந்தப் புள்ளியில்தான். தூசி படிந்தால் இழுத்து இழுத்து நின்றுபோகும். ஸ்பிரிட் நனைத்த துணியால் முழுப் பாதையையும் துடைத்த பிறகுதான் அந்த மாசம் பூராவும் ஓட்டம்.

பெரியவர் படியேறி வந்த அன்று

பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது எங்கள் பாப்பா, "அப்பாரு, எங்கூட்டு ரயிலப் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு மனசே இல்லை. ஆனால் அவர் ஏற்கெனவே சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கியிருந்தார். வேட்டியை விலக்கினேன், தண்டவாளத்தைத் துடைத்தேன், வண்டியைக் கிளப்பினேன். அவர் போனை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜைக்கு ஓரடி தள்ளி, ப்ளாட்பாரத்தில் நிற்பதுபோல் நின்றார். கைகாட்டியைக் குனிந்து பார்த்தார். "சாயுமுங்களா?" என்றார். நூலை இழுத்துச் சாய்த்துக் காட்டினேன். முகம் மலர்ந்தது. வண்டி மூன்று சுற்றுச் சுற்றியது. நாலாவது சுற்றில் கேட்டார்.

"ஏங்கண்ணு, இது இத்தன வெசையா எங்க போகுது?"

"பொள்ளாச்சிக்குங்க ஐயா."

"பொள்ளாச்சி எங்க இருக்குது?"

மலைப் பக்கம் கையைக் காட்டினேன். நான் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி மலைக்குள் புகுந்து, இந்தப் பக்கம், போத்தனூர்த் திசையில் இருந்து வெளியே வந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குரலில் கிண்டல் துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

"அக்கட்ட ஆரு இருக்கறா?"

எனக்குப் புரியவில்லை. "ஆருமில்லைங்களே," என்றேன்.

"ஆருமில்லாம எப்படிங் கண்ணு? வண்டியத் தாட்டி உடோணும்னா அக்கட்ட ஸ்டேஷன்ல இருக்கற மாஸ்டரு 'உடுங்க, வாங்கிக்கறேன்'னு சொல்லோணுமல்ல? நீங்க ஆரக் கேட்டுப்போட்டு உடறீங்க?"

நான் கண்ட்ரோலரைத் திருகி வண்டியை நிறுத்தினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜிப்பாக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, ஒரு கை அகலத்துக்குத் தோல் கருத்துத் தடித்துப் போயிருந்தது. டோக்கன் வளையம் அடித்து அடித்து விழுந்த தழும்பு. நிற்காமல் போகும் வண்டிக்குப் பிரம்பு வளையத்தை ப்ளாட்பாரத்தில் நின்றுகொண்டு நீட்ட வேண்டும். இன்ஜினில் இருப்பவர் கையை மடித்து அதைக் கோத்துக்கொள்வார். அதே மூச்சில் அவர் கொண்டு வந்த வளையத்தை வீசுவார், இவர் தன் கையில் வாங்கவேண்டும். வளையத்தில் ஒரு தோல் பை. பைக்குள் ஒரு எஃகுக் குண்டு. அந்தக் குண்டு கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டியை ஓட்டலாம். ராத்திரியில் பந்தம் கொளுத்தி வைத்துக்கொண்டு நிற்பார்களாம், வளையம் எங்கே இருக்கிறது என்று இன்ஜினில் இருப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

"அம்மிணி, ஒரு வளையல் குடு," என்றார். பாப்பா கழற்றிக் கொடுத்தாள். அவளைக் கட்டில் ஓரமாக நிறுத்தி, வளையலை இரண்டு விரலால் பிடித்துக் கையை நீட்டச் சொன்னார். "ஆட்டாத. நீ புடிக்கோணும்னு நெனைக்காத, குடுக்கோணும்னு நெனை." அறையின் அந்தக் கோடிக்குப் போய், கையை முக்கோணமாக மடித்துக்கொண்டு, எழுபத்தைந்து வயசுக் கால்களால் எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்து வந்து, அவள் விரலில் இருந்த கண்ணாடி வளையலைச் சுண்டுவிரலில் கோத்துக்கொண்டு தாண்டிப் போனார். வளையல் உடையவில்லை. அவள் கையும் ஆடவில்லை. நாலரை வருசத்தில் அந்த அறையில் நடந்த முதல் ரயில் காரியம் அதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நான் ஸ்டேஷனைக் கட்டினேன், இன்ஜினைக் கட்டினேன், ஜல்லியைக்கூடச் சலித்துச் சலித்துப் போட்டேன். ஆனால் இந்த ஸ்டேஷன் எதற்காக இருக்கிறது? லூப் லைனில் எந்த வண்டி எதற்காக ஒதுங்கி நிற்கவேண்டும்? எதிரில் யாருமே வரப்போவதில்லை என்றால் கைகாட்டி யாருக்குக் கை காட்டுகிறது? வட்டத்தில் ஓடும் வண்டி யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் நாலு மாசத்தில் சலித்துப்போனது. ஒருவரையொருவர் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் கொடுத்துக்கொள்ளும் வாக்குத்தான் ரயில்வே. தண்டவாளமும் இன்ஜினும் அந்த வாக்கு நடந்து போகும் வழி. வேகத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் இந்த அளவில் நொடிக்கு 13 சென்டிமீட்டர்கூட இல்லை; பதினாலு அடியைக் கடக்க அரை நிமிசத்துக்கு மேல் ஆகவேண்டும். நான் பத்து நொடியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர ஓர் ஊர் இருந்திருந்தால் அத்தனை அவசரம் வந்திருக்காது.

வட்டத்தை அறுத்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடால் தண்டவாளத்தை இரண்டு இடத்தில் அறுத்தேன். ஒரு முனையில் போத்தனூர் என்று ஒரு பலகைத் தட்டு, நாலு லைன். மறுமுனையில் பொள்ளாச்சி, அதற்கும் நாலு லைன். தட்டுகளில் சீனரி எதுவும் கிடையாது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, பாதை மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போகிறது. அறுக்கும்போது கை நடுங்கியது. அறுத்த பின் ஒரு நிம்மதி.

டோக்கனுக்குப் பழைய பேரிங்கில் இருந்து எடுத்த ஒரு எஃகுக் குண்டு, ஒரே ஒரு குண்டு போதும் என்றுதான் ஆரம்பித்தோம். குண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டிதான் போகலாம். மூன்றாவது வண்டியிலேயே சிக்கியது. பாசஞ்சரைப் பொள்ளாச்சிக்கு அனுப்பினேன், குண்டும் கூடவே போய்விட்டது. பின்னாலேயே கூட்ஸையும் அனுப்பவேண்டும். லைன் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் குண்டு அந்தக் கோடியில். எதிர் வண்டி ஒன்று அதைக் கொண்டுவந்தால்தான் உண்டு. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இதே சிக்கலோடுதான் திண்டாடியிருக்கிறார்கள். 1874-ல் நார்விச் அருகே தோர்ப் என்ற இடத்தில், தந்தி வழியாக வந்த உத்தரவு குழம்பிப் போய், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் எட்வர்ட் டயர் என்பவர் மின்சாரத்தால் பூட்டிய டோக்கன் கருவியைச் செய்தார். நம் பக்கம் ஸ்டேஷன்களில் இருந்த நீல்ஸ் குண்டுக் கருவியும் அதே யோசனையின் வழி வந்ததுதான். ஒரு செக்‌ஷனின் இரண்டு கோடி ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு பெட்டி. இரண்டிலும் பல குண்டுகள். அந்தக் கோடி மாஸ்டர் தன் பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் இந்தக் கோடியில் ஒரு குண்டு கழன்று வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை ஏதாவது ஒரு பெட்டியில் திரும்பப் போடும்வரை இரண்டு பெட்டியும் இன்னொன்றைக் கொடுக்காது. பள்ளிக்கூடத்தில் இதை யாராவது பாடமாக நடத்தியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டேன். கூட்ஸை வைத்துக்கொண்டு குண்டுக்காக நின்றபோது, இந்தப் பெட்டியை யோசித்த மனுசன்மேல் எனக்கு அன்பே வந்துவிட்டது. இரண்டு தேக்குப் பெட்டி, இரண்டு சோலனாய்டு, சில ரிலே, இரண்டு காலிங்பெல். ஆறு வாரத்தில் எங்களுடையதும் தயாரானது.

வாலுக்கு ஆளுதான் சாட்சி

அந்தப் பெட்டி வந்த பிறகு ஒரு பொழுதோட நேரம். பாப்பா பொள்ளாச்சி, நான் நடு ஸ்டேஷன். பாசஞ்சர் மலைக்குள் போனது, அந்தப் பக்கம் வந்து தட்டில் நின்றது, அவள் குண்டைப் பெட்டியில் போட்டாள், மணி அடித்தாள். நான் கூட்ஸுக்குக் கேட்டேன். அவள் அழுத்திப் பிடித்தாள், குண்டு கழன்றது, கைகாட்டியைச் சாய்த்துக் கூட்ஸை அனுப்பினேன். எல்லாம் முறைப்படி நடந்தது. மலைக்குள் ஒரு சத்தம். பாசஞ்சரின் கடைசிப் பெட்டி கொக்கி கழன்று உள்ளேயே நின்றிருக்கிறது. ஒய்.டி.எம்.-4 அதன்மேல் ஏறி, பக்கவாட்டில் சரிந்து, மலைக்கும் தட்டுக்கும் இடையே தடுப்பு இல்லாத அந்த ஒரு சாண் இடைவெளியில் நாலடி கீழே சிமென்ட் தரையில் விழுந்தது. முன் முகப்பு இரண்டாக விரிந்தது. ஊசியளவு கம்பியில் நான் செய்த கைப்பிடிகள் ஆறும் சிதறிப் போயின. பாப்பா வாய்விட்டு அழுதாள். "நான் முறைப்படிதானப்பா செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது சரி. அதுதான் இரண்டு பேரையும் உறுத்தியது.

மறுநாள் பெரியவர் உடைந்த இன்ஜினை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "வாலப் பாத்தியா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டியிலும் எல்.வி., அதாவது கடைசி வண்டி (லாஸ்ட் வெஹிகிள்), என்று எழுதிய சின்னப் பலகை ஒன்று தொங்கும்; ராத்திரியில் சிவப்பு விளக்கு. ஸ்டேஷனில் இருப்பவர்கள் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாக வந்து சேர்ந்ததாகக் கணக்கு. அதுவரை இன்ஜின் வந்து நின்றாலும் அது வந்ததாகாது. "குண்டு பொய் சொல்லாது சாமி. ஆனா குண்டு இன்ஜினுக்குத்தான் சாட்சி. வாலுக்கு ஆளுதான் சாட்சி," என்றார். எல்லாவற்றையும் மின்சாரத்தால் பூட்டிவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு ஆள் நின்று ஒரு பலகையைப் பார்க்கவேண்டிய இடம் மிச்சம் இருந்திருக்கிறது. அவர் முப்பது வருசத்துக்கு மேல் நின்ற இடம் அது. கொட்டும் மழையிலும் கையில் விளக்கை வைத்துக்கொண்டு, போகும் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வண்டியில் இருந்த யாருக்கும் அப்படி ஒருவர் நின்றது தெரிந்திருக்காது. நானும் எத்தனையோ தடவை அந்த ஜன்னலில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் பித்தளைத் தகட்டில் பலகை வெட்டி, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு எழுத்து எழுதி, கடைசிப் பெட்டியில் மாட்டும்படி கொக்கி வைத்தேன். நான் செய்ததிலேயே சின்னப் பொருள் அதுதான், அதிக நேரம் எடுத்ததும் அதுதான். இன்ஜினை ஒட்டிவிட்டேன். முகப்பில் விரிசல் தெரிகிறது. பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம் என்று பாப்பா சொல்லிவிட்டாள்.

போன தை மாசத்தில் இருந்து பெரியவருக்கு முழங்கால் மடங்குவதில்லை, படியேற முடியாது. ஒரு மாசம் மாடி ரூம் சும்மா கிடந்தது. பிறகு ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி, பொள்ளாச்சிப் பெட்டியைக் கீழே திண்ணையில் வைத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அங்கே இருந்து ஒரு ரயிலும் தெரியாது. ரோட்டில் போகும் பொள்ளாச்சி பஸ் மட்டும்தான் தெரியும். நான் மேலே இருந்து மணி அடித்துக் கேட்பேன். சில சமயம் உடனே அழுத்துவார். சில சமயம், "இருங்க, லைன்ல ஆளு வேலை செய்யறாங்க" என்று காத்திருக்க வைப்பார். வண்டி போய்ச் சேர்ந்ததும் பாப்பா குண்டை வளையலில் கட்டிய சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கி ஓடுவாள். நான் நடு ஸ்டேஷனில் கைகாட்டியை ஏற்றிவிட்டு நிற்பேன். கீழே பேச்சுக் குரல் கேட்கும்.

"வாலப் பாத்தியா அம்மிணி?"

"பாத்தேனுங்க அப்பாரு."

"பலகையப் பாத்தியா, பெட்டியப் பாத்தியா?"

"பலகைய."

குண்டு பெட்டிக்குள் உருண்டு விழும் சத்தம். அதற்கப்புறம் மேலே மணி அடிக்கும்.